யாரிடம் இருக்கிறது பதிவேடு?

திருகோணமலையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி அடங்கியிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1852 ஒக்டோபரில், பர்மாப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதி கண்டு இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அவர் பிறந்த நாள், ஏறி இறங்கிய கப்பல்கள், ஒருவர் பின் ஒருவராக மணந்துகொண்ட அக்கா தங்கை, பிள்ளைகளின் பெயர்கள் என்று எதைக் கேட்டாலும் தேதியோடு பதில் கிடைக்கும்.

அதே 1852இல் அந்தத் துறைமுகத்தில் வள்ளம் வலித்தவர்கள் இருந்தார்கள். கப்பலுக்கு அரிசியும் மீனும் விறகும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கல்லறைக்குக் குழி தோண்டியவர்களும் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் இன்று உப்புவெளியிலும் மூதூரிலும் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். கப்பல்காரரின் வழித்தோன்றலும் வள்ளக்காரரின் வழித்தோன்றலும் இப்போது ஒரே கருவியைக் கொண்டுதான் தங்கள் முன்னோரைத் தேடுகிறார்கள்: ஒரு திரை, ஒரு இணைப்பு, குறித்த நேரத்தில் கூடும் ஒரு கூட்டம். கருவி ஒன்றுதான். ஆனால் அந்தத் திரைக்குள் நடப்பது இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. ஒருபுறம் பிரித்தானியக் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு நடத்தும் இணையவழி உரைகள், மறுபுறம் ஈழத்தமிழர் தங்கள் ஊரையும் வேரையும் பற்றி நடத்தும் இணையக் கூடல்கள். இவற்றைத் திருகோணமலையை நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதல் அரங்கை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் குடும்ப வரலாறு என்பது அமைப்பாகிப் போன ஒரு துறை. லண்டனில் வம்சவரலாற்றாளர் சங்கம் 1911இல் தொடங்கியது. மாவட்டந்தோறும் உள்ள சங்கங்களை இணைக்கும் கூட்டமைப்பு 1974இல் வந்தது. நம் பக்கத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளது 1998இல் உருவான ‘பிரித்தானிய இந்தியாவில் குடும்பங்கள்’ என்ற சங்கம். ஃபிபிஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி, படை, ரயில்வே, தேயிலைத் தோட்டம் என்று இந்தப் பக்கம் வந்து வாழ்ந்து மாண்டவர்களின் வழித்தோன்றல்களே அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர். தன்னார்வலர்கள் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைப் பார்த்து எழுதித் தேடுதளத்தில் ஏற்றுகிறார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து மண்டபங்கள் மூடப்பட்டபோது, இத்தகைய சங்கங்கள் பலவும் உரைகளை இணையத்துக்கு மாற்றின. மண்டபங்கள் திறந்த பிறகும் இணைய உரைகள் நிற்கவில்லை. வெளிநாட்டு உறுப்பினர் ஒருவர், சந்தா கட்டியும் ஒரு கூட்டத்துக்குக்கூட வரமுடியாமல் இருந்த நிலை அதோடு மாறிவிட்டது.

அந்த உரைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரி. முக்கால் மணிநேரம் ஒருவர் பேசுவார். திரையில் ஒரு பதிவேட்டின் பக்கம் வரும். சாய்ந்த கையெழுத்து, மங்கிய மை, ஓரத்தில் ஒரு பாதிரியாரின் கையொப்பம். எந்தக் கட்டம் வயதைக் குறிக்கிறது, எந்தச் சுருக்கெழுத்து எந்தப் படைப்பிரிவைக் குறிக்கிறது என்று பேச்சாளர் சுட்டிக்காட்டுவார். கடைசிக் கால் மணிநேரம் கேள்விகளுக்கு. கேட்போர் ஒலிவாங்கியை மூடி வைத்திருப்பார்கள். கேள்வியை எழுதி அனுப்புவார்கள். பதிவு செய்த காணொளி உறுப்பினர்களுக்குச் சில நாட்களில் கிடைக்கும். அறிவு பேச்சாளரிடமிருந்து கேட்பவரை நோக்கி ஒரே திசையில் ஓடுகிறது. கேட்பவர் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பதிவேட்டைத் தேடிப் போகிறார்.

திருகோணமலையைப் பற்றி அப்படி ஒரு உரை எப்படி இருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம், ஏனென்றால் அதற்கான பொருள் தயாராகவே இருக்கிறது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். தொடக்கத்தில் இலங்கையின் கரையோரத்தை நிர்வகித்தது சென்னை. 1802இல்தான் அது முடிக்குரிய தனிக் குடியேற்ற நாடானது. இந்த ஒரு வரலாற்றுச் செய்தி குடும்பம் தேடுபவருக்கு எவ்வளவு பெரிய உதவி! 1798இல் திருகோணமலையில் இறந்த ஒரு சிப்பாயைத் தேடினால், லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளைத் தொடங்குமிடமாகக் கொள்ள வேண்டும். 1810இல் இறந்தவரை அங்கே தேடிப் பயனில்லை; கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் இலங்கைக் கடிதக் கட்டுகளுக்குப் போக வேண்டும். கடற்படைக்காரர் என்றால் அட்மிரல்டிக் கோப்புகள். கல்லறை வேண்டுமென்றால், இலங்கைச் சிவில் சேவை அதிகாரி பென்றி லூயிஸ் 1913இல் கொழும்பில் வெளியிட்ட கல்லறை வாசகத் தொகுப்பு இருக்கிறது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், புதைக்கப்பட்டவர் யார் என்ற குறிப்பையும் அவர் சேர்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நிலாவெளி வீதியில் போர்க் கல்லறை. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கியது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பதிவு உண்டு. யாரும் எங்கிருந்தும் தேடலாம்.

ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் விடயமும் இப்படித்தான். ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908இல் சஞ்சிகை தொடங்கி, குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது. இன்று அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு பறங்கிக் குடும்பம், அந்தப் பழைய இதழைத் திறந்து, ஒல்லாந்தக் கம்பெனிக் கப்பலில் வந்திறங்கிய முதல் முன்னோன்வரை போய்விட முடிகிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு நீண்ட பழக்கம். இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடு 1538இல் கட்டாயமானது. பிறப்பு இறப்பு அரசுப் பதிவு 1837இல். பெயர்வாரியான குடிசன மதிப்பு 1841இலிருந்து பார்க்கக் கிடைக்கிறது. 1921ஆம் ஆண்டுக் கணக்கை நூறு ஆண்டு மூடிவைத்து, 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். ஒரு பரம்பரைப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ஆகவே பேச்சாளருக்கு வேலை ஒன்றுதான்: எழுதி வைத்த இடம் எது என்று காட்டுவது.

இப்போது இரண்டாவது அரங்கு. ‘குடும்ப வரலாற்றுச் சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அமைப்பு தமிழரிடையே அரிது. ஆனால் அந்த வேலையை வேறு பெயர்களில் செய்கிறவர்கள் பலர். புலம்பெயர் நாடுகளின் ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் திருப்பணிச் சபைகள் எல்லாம் 2020க்குப் பிறகு சூமில் கூடத் தொடங்கின. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவாக்குவதோடு, ‘ஆவணகம்’ என்ற பல்லூடகத் தளத்தில் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. 2001இல் தோன்றிய தமிழ் மரபு அறக்கட்டளை இணைய உரைகளைத் தொடர்ந்து நடத்துகிறது. நேரம் குறிப்பதிலேயே நம் மக்களின் சிதறல் தெரிந்துவிடும். குளிர்காலத்தில் லண்டனில் நண்பகல் 12 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 7, திருகோணமலையில் மாலை 5.30, சிட்னியில் இரவு 11. ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கு வைக்கிற நேரம். சிட்னியில் தூங்காமல் விழித்திருக்க வேண்டும். அப்படியும் வருகிறார்கள்.

இந்தக் கூடல்களில் பெரும்பாலானவை முதல் அரங்கின் அமைப்பையே அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, ஒரு பேராசிரியர் அல்லது ஆய்வாளரின் சிறப்புரை, கடைசியில் நேரமிருந்தால் கேள்வி. நல்ல உரைகள்தாம், நான் அவற்றால் பயன்பெற்றவன். ஆனால் குடும்ப வரலாறு என்று வரும்போது இந்த அமைப்பு நமக்குப் பொருந்தவில்லை என்பதே என் கட்சி. அங்கே பதிவேடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதற்கு வழி தெரிந்தவர் பேசுகிறார். இங்கே பதிவேட்டின் பெரும்பகுதி கேட்க வந்து, ஒலிவாங்கியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவரிடம் இருக்கிறது.

முதலில் பெயரைப் பாருங்கள். தந்தை பெயர் முன்னெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. அப்பப்பாவின் பெயர் பேரனுக்கு வருவதால், கந்தப்பர் மகன் வேலுப்பிள்ளை, வேலுப்பிள்ளை மகன் கந்தப்பர் என்று இரண்டு பெயர்களே ஒரு நூற்றாண்டு முழுக்க மாறி மாறி வரும். மேற்கத்தியத் தேடுதளத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் எதைப் போடுவது? எந்தக் கந்தப்பர் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் ஊரில் உள்ள மூத்த பெண் ஒருவர்தான். அவரோ பெயரை விட்டுவிட்டு அடையாளத்தைப் பிடித்துக்கொள்வார்: கிணற்றடிக் கந்தப்பர், கிண்ணியாவில் பெண் எடுத்த கந்தப்பர், புயலில் தோணியோடு போன கந்தப்பர்.

அடுத்து இழப்பு. இலங்கையில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1860களில் தொடங்கியது. அதற்குப் பிந்திய காலத்துக்காவது தாள் இருக்கவேண்டுமே என்று கேட்கலாம். திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்களின் வீட்டுப் பெட்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல். 1983 கலவரம். 1984 இறுதியில் தென்னமரவாடி இடம்பெயர்ந்தது. 1985இல் திரியாய் எரிந்தது. 2004 டிசம்பர் 26 கடல்கோள். 2006இல் சம்பூர் முழுக்க வெளியேறியது. பல ஆண்டுகள் கழித்தே திரும்ப முடிந்தது. காணி உறுதியும் கலியாணப் பதிவும் சாதகக் குறிப்பும் பழைய படங்களும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. அரசு அலுவலகத்தில் பிரதி கிடைக்கக்கூடும்; ஆனால் எந்தப் பெயரில், எந்த ஆண்டில், எந்தப் பிரிவில் கேட்பது என்று தெரிந்தால்தானே பிரதி எடுக்கலாம். அந்தத் தகவலும் யாரோ ஒருவரின் நினைவில்தான் இருக்கிறது.

நம்மிடம் எழுத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. திருகோணமலைக்கு அமைந்த எழுத்துச் சான்று மிகவும் அபூர்வமானது. கோணேசர் கல்வெட்டு என்ற நூல், கவிராசவரோதயர் இயற்றியது, குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குக் குடிகளைக் கொண்டுவந்து இருத்தி, அவரவர்க்குத் தொழும்பும் உரிமையும் வகுத்த வகையைச் சொல்கிறது. தானத்தார், வரிப்பத்தார் என்ற பிரிவுகளும், கட்டுக்குளப்பற்று, கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று என்ற நிலப்பிரிவுகளும், மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனின் வன்னிபமும் அதில் வருகின்றன. யார் விளக்குக்கு, யார் பூவுக்கு, யார் நெல்லுக்கு என்று கடமை பகுத்த ஓர் ஏடு, ஒரு கோணத்தில் பார்த்தால் குடும்ப வரலாற்றுப் பதிவேடுதான். கங்குவேலிக் கல்வெட்டில் கோணநாதருக்கு நிலம் விட்டவர்களாக வன்னியனாரும் ஏழூர் அடப்பர்மாரும் குறிக்கப்படுகிறார்கள். 1786இல் திருகோணமலையின் டச்சுத் தலைமை அதிகாரி வான் சென்டன் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அதில் ஊர்களின் நிலையும் குளங்களின் நிலையும் வன்னியர்களின் நிலையும் அவர் கண்ணால் கண்டபடி இருக்கின்றன.

ஆனால் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பதிவேடு தனிமனிதனை எழுதியது: இன்னார், இன்ன வயது, இன்ன நாள். நம் பதிவு குடியை எழுதியது: இன்ன குடிக்கு இன்ன கடமை. கோணேசர் கல்வெட்டில் நம் கொள்ளுப்பாட்டனின் பெயர் கிடைக்காது. அவர் எந்த வரிசையில் நின்றிருப்பார் என்பதற்கான சட்டகம் கிடைக்கும். அந்தச் சட்டகத்துக்குள் தனிமனிதரை இட்டு நிரப்ப, இன்றைக்கும் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிலோ வெருகல் கோயிலிலோ எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துக்கு, அந்த உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தத் தலைமுறையில் பெண்வழியில் மாறியது என்று கேட்க வேண்டும். இதைச் சொல்லக்கூடியவர்களும் கூட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

ஒருமுறை இப்படியான ஒரு கூடலில் நடந்ததைச் சொல்கிறேன். பேச்சாளர் கொட்டியாரத்தின் நிலவரைபடம் ஒன்றைத் திரையில் வைத்து, குளங்களைப் பற்றி நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒலிவாங்கியை மூட மறந்திருந்தார்கள். லண்டனில் மகள் வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவின் குரல், பக்கத்தில் இருந்த பேத்தியிடம், “இந்தக் குளத்துக்கு இஞ்சால எங்கட வயல் பிள்ளை. என்ர அம்மம்மாவுக்குச் சீதனமா வந்தது. அவவின்ர தமையன்தான் வட்டை விதானையா இருந்தவர். வாய்க்கால் சண்டையில அவரை வெட்டினவை, அந்த வருசந்தான் என்ர அம்மா பிறந்தவ” என்று சொல்வது எல்லோருக்கும் கேட்டது. ஒழுங்கமைப்பாளர் உடனே, மரியாதையாக, “அம்மா, தயவுசெய்து மியூட்டில போடுங்கோ” என்றார். குரல் நின்றுவிட்டது. உரை தொடர்ந்தது.

அந்த நான்கு வாக்கியங்களில் ஒரு குடும்ப வரலாற்றாளருக்கு என்னென்ன இருக்கிறது! சீதனமாகக் காணி தாய்வழியில் இறங்கிய முறை. வட்டை விதானை என்ற பதவி. நீதிமன்றத்தில் வழக்காகப் பதிந்திருக்கக்கூடிய ஒரு கொலை. ஆகவே தேதி பிடிக்க ஒரு வழி. ஒரு பிறப்பு ஆண்டு. திரையில் இருந்த வரைபடம் நாளைக்கும் நூலகத்தில் இருக்கும். அந்த அம்மா சொன்னது வேறெங்கும் இல்லை. ஒழுங்கமைப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடன் வாங்கிய அமைப்பு அவரை அப்படிச் செய்ய வைத்தது. ‘கேட்போர் பேசக்கூடாது’ என்ற விதி, பேச்சாளரிடம் மட்டுமே சரக்கு இருக்கும் இடத்துக்கு வகுத்த விதி.

நினைவை மட்டும் நம்பினால் போதும் என்று சொல்ல வரவில்லை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் பிரான்சினா வான் ரீட் கதை சொல்லப்படுகிறது. டச்சு அதிகாரி ஒருவரின் மகள். காதலன் கப்பலேறிப் போனதும் பாறையிலிருந்து கடலில் குதித்தாள் என்பது கதை. 1687 என்ற ஆண்டோடு அவள் பெயர் வெட்டிய தூண் அங்கே நிற்கிறது. இடிக்கப்பட்ட பழைய கோணேசர் கோயிலின் தூண் அது என்பார்கள். ஆனால் டச்சு ஆவணங்களைப் பார்த்தவர்கள், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவள் மறுமணம் செய்து வாழ்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். கதையைவிட ஆவணம் இங்கே அவளுக்கு நியாயம் செய்தது. நம் குடும்பக் கதைகளிலும் இப்படி எத்தனை பாறைகள் இருக்கும்! முதல் அரங்கின் ஒழுக்கம் நமக்குத் தேவைப்படுவது இங்கேதான். எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா, இரண்டு பேர் தனித்தனியே சொன்னார்களா ஒருவரிடமிருந்து மற்றவர் கேட்டுச் சொன்னாரா என்று குறித்து வைப்பது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அந்த ஃபிபிஸ் தன்னார்வலர்கள் பதிவேட்டில் உள்ள எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே எழுதுவார்கள். திருத்தத்தைத் தனியாகக் குறிப்பார்கள். முதியவர் ஒருவர் சொன்ன ஆண்டு தவறு என்று தோன்றினாலும், அவர் சொன்னதை அப்படியே பதிந்து, நம் ஐயத்தைப் பக்கத்தில் எழுதும் பொறுமை நமக்கு வேண்டும்.

இரண்டு அரங்குக்கும் பொதுவான ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பிரித்தானிய இந்தியாவின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில், தகப்பன் ஆங்கிலேயனாக இருந்து தாய் உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால், பல இடங்களில் தாயின் பெயரே இருக்காது. ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் இருக்கும். இன்று லண்டனில் உட்கார்ந்து தன் டிஎன்ஏ சோதனையில் தெற்காசியப் பங்கைக் கண்டு திகைக்கும் ஒருவருக்கு, அந்தப் பெயரற்ற பெண்ணே கொள்ளுப்பாட்டி. அவளைப் பற்றிக் கேட்க அவர் வரவேண்டிய இடம் நம் அரங்கு. நம் பக்கத்திலோ, கோயில் உரிமை வரிசையில் இடமில்லாதவர்கள், வரிசையின் கடைசியில் வேலைக்காக மட்டும் குறிக்கப்பட்டவர்கள், கொட்டியாரக் கரையோர வேடர்கள் போன்றோர் குடி வரலாற்றில் விரிவாக வருவதில்லை. துறைமுகத்துக்குப் படையோடு வந்து தங்கிய மலாய்க் குடும்பங்களும், மூதூர், கிண்ணியா முஸ்லிம் குடும்பங்களும் இதே மண்ணின் உறவுக்காரர்கள். ஒரு கோயில் மையக் கதையில் அவர்களுக்கு இடம் கிடைக்காது. மூன்று சமூகமும் கணிசமான அளவில் வாழும் மாவட்டத்தில், ‘திருகோணமலைக் குடும்ப வரலாறு’ என்று ஒரு கூடல் வைத்தால், யாரையெல்லாம் அழைக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

இன்னொரு வேறுபாடு இதைவிட நுட்பமானது. உள்ளபடி சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குடிசன மதிப்புக்கு உள்ள நூறு ஆண்டு மூடல் விதி, அதில் வரும் உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கத்தைப் பெரும்பாலும் காக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய முப்பாட்டன் கொல்லனா குதிரைக்காரனா என்பதால் இன்று யாருக்கும் தலைகுனிவில்லை. நம்மிடம் அப்படியல்ல. வம்சாவளியின் மூன்றாவது பெயரிலேயே சாதி தெரிந்துவிடும். அதை ஒரு பொதுக் காணொளியில் பேசி இணையத்தில் ஏற்றினால், ரொறன்ரோவில் ஒரு கலியாணப் பேச்சு முறியலாம். காணியைப் பற்றிப் பேசினால் வழக்கு வரலாம். வெளியேறிய ஊரின் எல்லையைப் பேசினால் அது அரசியலாகலாம். இதற்கு அஞ்சியே பல முதியவர்கள், “அதெல்லாம் இப்ப எதுக்குத் தம்பி” என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற முதல் அரங்கின் ஏற்பாடு அங்கே சந்தாவுக்காக இருக்கலாம். நம்மிடம் அது பாதுகாப்புக்காக வேண்டும். பேசியதை உடனே வெளியிடாமல், பேசியவர் குறித்த காலம்வரை ஆவணகம் போன்ற ஓரிடத்தில் மூடி வைக்கும் உடன்பாட்டை எழுத்தில் வாங்கிய பிறகே பதிவு பொத்தானை அழுத்த வேண்டும். ஊர்க் கூடல்களில் இதை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன்.

அப்படியானால் நம் கூடல் எப்படி அமைய வேண்டும்? என் எண்ணத்தில், உரை கால் மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதுவும் நினைவைத் தூண்டும் உரையாக இருக்க வேண்டும்: ஒரு பழைய வரைபடம், ஒரு வகுப்புப் படம், ஒரு திருவிழா அறிவித்தல். பிறகு எட்டுப் பத்துப் பேராகச் சிறு அறைகளாகப் பிரித்துவிட வேண்டும். சூமில் அந்த வசதி இருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் கேள்வி கேட்கப் பழகிய இளையவர் ஒருவரும், குறிப்பெடுப்பவர் ஒருவரும். மூத்தவர்கள் தாங்களாகப் பேச விட வேண்டும். ஒருவர் சொல்ல இன்னொருவர், “இல்லை, அது அவவின்ர இளையவள்” என்று திருத்தும்போதுதான் வம்சாவளி நேராகிறது. ஒருவரை நாடாவில் பதியும் நேர்காணலில் இந்தத் திருத்தம் கிடைக்காது. இணையத்தின் உண்மையான வரம் இதுவே: 1985இல் பிரிந்துபோன இரண்டு பெரியம்மா பிள்ளைகள், ஒருத்தி நோர்வேயிலும் ஒருத்தி திருகோணமலையிலும் இருந்தபடி, ஒரே கேள்விக்குச் சேர்ந்து பதில் சொல்ல முடிகிறது. பிரித்தானியச் சங்கத்தின் இணைய உரைக்கு, மண்டபத்தில் நடந்த உரையைவிட வசதி கூடுதல், பொருள் அதேதான். நமக்கோ இணையம் இல்லாவிட்டால் அந்தக் கூட்டமே கூடியிருக்காது.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது டொக்யாட்டைத்தான். இரண்டு அரங்கின் ஆவணங்களும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, நகரத்துக் குடும்பங்கள் பல அதன் சம்பளத்தில் வாழ்ந்தன. தச்சர், வெல்டர், படகோட்டி, எழுதுவினைஞர், சமையற்காரர் என்று வேலைக்குப் போனவர்களுக்கு அட்டையும் எண்ணும் இருந்தன. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை நினைவிலிருந்து வரைந்து காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அட்மிரல்டிக் கோப்புகளில் அதிகாரியின் பெயர் இருக்கும். அந்த அதிகாரியின் கீழ் வேலை செய்தவர் யார், அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது எந்த மாமன், 57இல் தளம் கைமாறியபோது யார் கொழும்புக்குப் போனார், யார் கடை வைத்தார் என்பதெல்லாம் குடும்பங்களிடம் இருக்கும். ஃபிபிஸ் போன்ற சங்கத்தின் உறுப்பினர் ஒருவருக்கும் நம் ஊர் ஒன்றியத்தின் உறுப்பினர் ஒருவருக்கும் ஒரே படம் இரண்டு வீட்டில் இருக்கவும் கூடும்: அங்கே ‘தளப் பணியாளருடன் தாத்தா’ என்று, இங்கே ‘துரையோட அப்பப்பா’ என்று.

1957இல் இருபது வயதில் அங்கே வேலை பார்த்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள். அடுத்த கூடலுக்குச் சிறப்புரையாளரைத் தேடுவதற்கு முன், ஊரில் அப்படி இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி, பேரப்பிள்ளைகளில் யார் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைப் பிடித்துக் கொடுப்பார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். மாலை 5.30 அவர்களுக்கு வசதியான நேரந்தான்.